இன்ஜின் ஆயிலில் மாலிப்டினம்: கரைந்ததா, தூளா, வேண்டவே வேண்டாமா?

மாலிப்டினம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் ஆயில் சந்தையில் புழங்குகின்றன. ஒன்று கருஞ்சாம்பல் நிறத் தூள். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற கனிமத்தை மிக நுண்ணியதாக அரைத்து, எண்ணெயில் மிதக்கவிட்டு, சிறு டப்பாவில் அடைத்து, இன்ஜினில் ஊற்றச் சொல்லி விற்கிறார்கள். மற்றது எண்ணெயில் முழுவதும் கரைந்துவிடும் கரிம மாலிப்டினச் சேர்மம். அது பெரும்பாலும் தனி டப்பாவில் வருவதில்லை. கார் ஆயில் தயாரிப்பவர்களே அதை அளந்து உள்ளே சேர்த்துவிடுகிறார்கள், லேபிளில் அதன் பெயர்கூட இருக்காது.

இரண்டும் கடைசியில் உலோகத்தின் மேல் ஒரே வகைப் படலத்தைத்தான் போடுகின்றன. ஆனால் அந்தப் படலம் எந்தச் சூட்டில், எந்த இடத்தில், எதன் மேல் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது வண்டிக்கு நன்மையா கேடா என்று சொல்ல முடியும். பெட்ரோல் காருக்கு நல்லது கியர் பைக்குக்குக் கெடுதலாக முடியலாம். ஜேசிபியின் பின்னுக்கு உகந்தது கார் இன்ஜினில் வெறும் வண்டலாகத் தங்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய ஆயில் ஊற்றும் பெட்ரோல் கார் வைத்திருந்தால், கரிம மாலிப்டினம் ஏற்கெனவே சேர்ந்த தரமான ஆயிலை வாங்குங்கள். மேலே எதையும் ஊற்றாதீர்கள். கியர் பைக்கிலும், எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டரிலும் உராய்வு குறைக்கும் டப்பா எதுவும் வேண்டாம். மெதுவாக நகர்ந்து பெரும்பாரம் சுமக்கும் மூட்டுகளுக்குத் தூள் கலந்த கிரீஸ் சரியானது. ஏன் இப்படி என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

உராய்வில் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும்?

2012-இல் ஃபின்லாந்தின் ஹோம்பெர்க், ஆண்டர்சன் இருவரும் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்து எர்டெமிரும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். காரில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உராய்வை வெல்லவே செலவாகிறது. அந்த மூன்றில் ஒரு பங்கில் 35% டயருக்கும் சாலைக்கும் இடையே போகிறது, 35% இன்ஜினுக்குள், 15% கியர்பாக்ஸ் பக்கம், 15% பிரேக்கில். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் இன்ஜின் உராய்வுக்குப் போவது பதினொன்று, பன்னிரண்டு ரூபாய்.

அந்தப் பன்னிரண்டு ரூபாயும் மாலிப்டினத்தால் தொடக்கூடியது அல்ல. கிராங்க் பேரிங் போன்ற இடங்களில் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. நடுவே எண்ணெய்ப் படலம் முழுதாக நிற்கிறது. அங்கே செலவாவது எண்ணெயின் பிசுபிசுப்பை இழுக்கும் ஆற்றல். அதைக் குறைக்க மெல்லிய ஆயில்தான் வழி, சேர்க்கைப் பொருளால் ஆகாது. மாலிப்டினத்துக்கு வேலை இருப்பது படலம் அறுந்துபோகும் இடங்களில் மட்டும்: பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும்போது ரிங்குக்கும் சிலிண்டருக்கும் இடையில், கேமும் டாப்பெட்டும் உரசும் முனையில், டைமிங் செயினின் கண்ணிகளில். இதை எல்லை உராய்வு என்பார்கள். இன்ஜின் உராய்வில் இது சிறுபகுதியே.

ஆகவே நன்றாகத் தயாரித்த மாலிப்டின ஆயிலில் எதிர்பார்க்கத் தக்கது ஒன்றிரண்டு சதவீத எரிபொருள் மிச்சம். பத்து, பதினைந்து சதவீதம் மைலேஜ் கூடும் என்று டப்பாவில் அச்சடித்திருந்தால் அந்தக் கணக்கு எங்கும் ஒத்துவராது. அமெரிக்காவில் டெஃப்ளான் வகைத் தூள் கலந்த இன்ஜின் சேர்க்கை ஒன்றின் விளம்பரங்கள் மேல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1996-இல் நடவடிக்கை எடுத்து, மறு ஆண்டு அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. வாக்குறுதிக்கு ஆதாரம் கேட்டார்கள், இருக்கவில்லை. கடையில் டப்பாவை எடுக்கும் ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஒன்றிரண்டு சதவீதம் அற்பம் என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானியர் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று ஆயிலை மெலிதாக்கிக்கொண்டே போனதற்குப் பின்னால் இருப்பது மெல்லிய ஆயிலும் மாலிப்டினமும் சேர்ந்த கூட்டணிதான். ஆயில் மெலிந்தால் பிசுபிசுப்புச் செலவு குறைகிறது, ஆனால் படலம் அடிக்கடி அறுகிறது. அறும் இடத்தை மாலிப்டினம் பார்த்துக்கொள்கிறது. இன்று நம்மூரில் மாருதி சுசூகி, டொயோட்டா கார்களின் கையேட்டில் 0டபிள்யூ-16 என்று பார்க்கும்போது மெக்கானிக்குகள் பலர் “தண்ணி மாதிரி இருக்கே” என்று திகைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் போன்ற எண்ணெயை நம்பி ஓட்ட முடிவது உள்ளே கரைந்திருக்கும் சேர்க்கைகளால்தான்.

கரிம மாலிப்டினம் எப்படி வேலை செய்கிறது

இந்தக் குடும்பத்தின் முதன்மையான உறுப்பினர் மாலிப்டினம் டைதயோகார்பமேட். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக மோ-டிடிசி என்பார்கள். ஜப்பானின் அடேக்கா நிறுவனம் சகுரா-லூப் என்ற பெயரிலும், அமெரிக்காவின் வாண்டர்பில்ட் மோலிவேன் என்ற பெயரிலும் இவ்வகைச் சேர்மங்களைச் செய்கின்றன. மூலக்கூறின் நடுவே மாலிப்டினமும் கந்தகமும் இருக்கும். சுற்றிலும் நீண்ட ஹைட்ரோகார்பன் வால்கள். அந்த வால்களால்தான் அது எண்ணெயில் கரைகிறது.

பாட்டிலில் இருக்கும்போது மோ-டிடிசி வழுக்கும் பொருளே அல்ல. இரண்டு உலோகப் பரப்புகள் அழுத்தத்தில் உரசும்போது, அந்தத் தொடுமுனையின் சூட்டிலும் இழுவிசையிலும் மூலக்கூறு உடைகிறது. உடைந்த துண்டுகளிலிருந்து அங்கேயே, தேவைப்பட்ட அந்த இடத்திலேயே, மாலிப்டினம் டைசல்ஃபைடு உருவாகிறது. அதுவும் பத்து நானோமீட்டருக்கும் சிறிய, ஓரிரு அடுக்கு மட்டுமே தடிமனான தகடுகளாக. கந்தகம், மாலிப்டினம், கந்தகம் என்று மூவரிசை கொண்ட ஒவ்வோர் அடுக்கும் உள்ளே உறுதியாகப் பிணைந்தது. ஆனால் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிடிப்பு மிகக் குறைவு. ஈர வெற்றிலைக் கவுளியை உள்ளங்கையால் தள்ளினால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதுபோல் அவை நழுவுகின்றன.

பலன் எண்ணில் தெரியும். சாதாரண இன்ஜின் ஆயிலில் எஃகு எஃகை உரசும்போது எல்லை உராய்வுக் கெழு (உராய்வின் அளவைக் காட்டும் எண்; குறைந்தால் வழுக்கல் கூடும்) 0.10 முதல் 0.13 வரை இருக்கும். மோ-டிடிசி விழித்துக்கொண்டால் அது 0.04 முதல் 0.06 வரை இறங்குகிறது. பாதிக்கும் கீழே. எண்ணெயில் கரையும் வேறெந்தப் பழகிய சேர்க்கையும் எஃகின் மேல் இந்த ஆழத்துக்கு இறக்குவதில்லை.

ஆனால் அதை எழுப்பச் சில நிபந்தனைகள் உண்டு. சூடு வேண்டும். ஏறக்குறைய 60–80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது பெரும்பாலும் சும்மா மிதந்துகொண்டிருக்கும். உண்மையான உரசல் வேண்டும். போதுமான அளவும் வேண்டும். ஒரு வாசல் அளவுக்குக் கீழே போனால் உராய்வு கொஞ்சம் கொஞ்சமாக ஏறாது, சட்டென்று பழைய நிலைக்குத் தாவிவிடும். அது மட்டுமல்ல, துணை வேண்டும். துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கொண்ட அந்தத் துணைக்குப் பெயர் ஜிங்க்-டிடிபி.

1940-களிலிருந்து இன்ஜின் ஆயிலில் இருந்துவரும் ஜிங்க்-டிடிபிதான் தேய்மானத்தைத் தடுக்கும் மூத்த பிள்ளை. உரசும் இடத்தில் 50 முதல் 150 நானோமீட்டர் தடிமனுள்ள, கண்ணாடி போல் கெட்டியான பாஸ்பேட் படலத்தை அது போடுகிறது. அந்தப் படலம் உலோகத்தைக் காக்கும், ஆனால் வழுக்காது. சொல்லப்போனால் ஓரளவு உராய்வை ஏற்றியும் விடும். மோ-டிடிசியின் தகடுகள் அந்தப் பாஸ்பேட் மெத்தையில் பதிந்துகொண்டால் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன: ஒன்று தேய்மானத்தைப் பார்க்கிறது, மற்றது உராய்வைப் பார்க்கிறது. எண்ணெய்க்குள்ளும் இவை இரண்டும் தங்கள் கந்தக வால்களை மாற்றிக்கொள்கின்றன. அந்தப் பரிமாற்றத்தால் மோ-டிடிசியின் ஆயுள் நீள்கிறது. இதனால்தான் “மாலிப்டினம் இருந்தால் ஜிங்க் வேண்டாம்” என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மோ-டிடிசி மட்டும் தனியாக நம்பத்தக்க தேய்மானக் காவல் அல்ல.

குடும்பத்துக்குள்ளேயே தேர்வு

கரிம மாலிப்டினத்தில் மோ-டிடிசி ஒன்றுதான் என்று இல்லை. சிறிய அளவில் ஆயில் கலந்து விற்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் வருகிறது, ஏனென்றால் விற்பனையாளர் எல்லாவற்றையும் “ஆர்கானிக் மோலி” என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்.

மோ-டிடிபி என்பது டைதயோபாஸ்பேட் வகை. மாலிப்டினம், கந்தகம் இவற்றோடு பாஸ்பரஸும் உள்ளது. மோ-டிடிசியைவிட இளகிய மூலக்கூறு, சீக்கிரம் உடையும். அதனால் கியர் ஆயிலிலும் கிரீஸிலும், பாரம் அதிகமுள்ள இடங்களில், பற்கள் ஒட்டிக் கிழியாமல் காப்பதில் வல்லது. ஆனால் இன்றைய பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்கு ஒத்துவராது. புகைக்குழாயில் உள்ள வினையூக்கியைப் பாஸ்பரஸ் செயலிழக்கச் செய்யும் என்பதால், ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் எஸ்என், எஸ்பி தரங்களில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கு 600 முதல் 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) பாஸ்பரஸ்தான் அனுமதி. 700 பிபிஎம் மாலிப்டினத்தை மோ-டிடிபியாகக் கொடுத்தால், அணு எடைக் கணக்குப்படி குறைந்தது 200 பிபிஎம்முக்கு மேல் பாஸ்பரஸும் கூடவே நுழையும். அந்த அளவுக்கு ஜிங்க்-டிடிபியைக் குறைக்க வேண்டிவரும். உராய்வுக்காகத் தேய்மானக் காவலை விற்பது நல்ல வியாபாரம் அல்ல.

அடுத்தது கந்தகமும் பாஸ்பரஸும் இல்லாத மாலிப்டினம் எஸ்டர்-அமைடு வகை. தாமிரத்தைக் கறுக்கவைக்கும் பயம் குறைவு, விலையும் பொதுவாகத் தாங்கத் தக்கது. ஆனால் டைசல்ஃபைடு உருவாகக் கந்தகம் வேண்டுமே. அதை எண்ணெயில் உள்ள ஜிங்க்-டிடிபி போன்றவற்றிலிருந்து கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் உராய்வைக் குறைப்பதில் மோ-டிடிசியின் அருகே வராது. இதன் உண்மையான பலம் வேறு. 50–100 பிபிஎம் என்ற சிறிய அளவில், டைஃபினைலமைன் வகை ஆக்சிஜனேற்றத் தடுப்பானோடு சேர்ந்து, ஆயில் கெட்டுப்போவதைத் தள்ளிப்போடுகிறது. பல ஆயில்களின் ஆய்வறிக்கையில் தெரியும் சிறு மாலிப்டின எண்ணுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்ஃபினியம் நிறுவனம் கொண்டுவந்த மூன்று மாலிப்டின அணு மையங்கொண்ட வகையும் உண்டு. குறைந்த அளவிலேயே வேலை செய்யும் என்பது அதன் சிறப்பு. ஆனால் சிறு கலவைக்காரர் கைக்கு அது தனிப்பொருளாக எளிதில் வருவதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆக, பெட்ரோல் இன்ஜினில் உராய்வுதான் குறி என்றால் மோ-டிடிசி. கியர், கிரீஸ் என்றால் மோ-டிடிபியும் மோ-டிடிசியும். காரின் முன்சக்கர சிவி ஜாயின்ட் கிரீஸில் இவை ஜிங்க்-டிடிபியோடு சேர்ந்தே வருகின்றன. ஆயிலின் ஆயுள்தான் குறி என்றால் எஸ்டர் வகை போதும்.

தூள் டப்பா

மாலிப்டினம் டைசல்ஃபைடு தூளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வெற்றிடத்திலும் வேலை செய்யும் அருமையான திட உயவுப்பொருள் அது. காற்றில் ஏறக்குறைய 350 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். எண்ணெய் வழிந்தோடிய பிறகும் உலோகத்தில் ஒட்டியிருக்கும். ஜேசிபியின் கை மூட்டுப் பின்கள், லாரியின் கிங் பின், திறந்த பற்சக்கரங்கள் போன்றவை மெதுவாக அசைந்து கனத்தைத் தாங்குபவை. எண்ணெய்ப் படலம் அங்கே கட்டவே கட்டாது. அத்தகைய இடங்களில் மூன்று சதவீதம் அளவில் தூள் கலந்த கிரீஸுக்கு ஈடு இல்லை. கரிம மாலிப்டினம் அந்தப் பின்களில் தோற்றுவிடும், ஏனென்றால் அதை எழுப்பும் சூடு அங்கே கிடைக்காது. தூளோ ஏற்கெனவே டைசல்ஃபைடாகவே இருக்கிறது, எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்ஜினில் கதை வேறு. தூள் எண்ணெயைவிடப் பல மடங்கு கனமானது. அது மிதந்துகொண்டே இருக்க வேண்டும் என்றால் ஆயிலில் உள்ள அழுக்குப் பிரிப்பான்கள் அதைத் தாங்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிப்பான்கள் கரியைத் தாங்குவதற்காக அளந்து போடப்பட்டவை. ஓடாமல் கிடக்கும் வண்டியில் தூள் அடியில் படிகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு: ஆயில் உடனே கறுத்துவிடுவதால், நிறத்தைப் பார்த்து ஏதாவது கணிக்கும் மெக்கானிக்குக்கு அந்த வழியும் அடைபடுகிறது. பழைய, இடைவெளி கூடிய இன்ஜின்களில் தூள் ஊற்றியபின் சத்தம் குறைந்ததாகச் சொல்பவர்கள் உண்டு, நடக்கக் கூடியதுதான். புதிய இன்ஜினில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாலிப்டினமே இல்லாத வழி

எஃகில் ஒட்டும் ஒரு தலையும் எண்ணெயில் நிற்கும் ஒரு வாலும் கொண்ட கொழுப்பு வழிப் பொருள்கள் உண்டு. கிளிசரால் மோனோஓலியேட், ஓலியமைடு போன்றவை. இவற்றில் உலோகம் இல்லை, எரிந்தால் சாம்பல் இல்லை, கந்தகம் இல்லை. விலையும் மோ-டிடிசியைவிட மிகக் குறைவு. இன்ஜின் சூடாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். உலோகத்தில் போய் ஒட்டிக்கொண்டதுமே வேலை தொடங்குகிறது. ஆனால் உராய்வுக் கெழு 0.08–0.10 அளவில் நின்றுவிடும்.

எஃகின் மேல் மோ-டிடிசி வெல்கிறது. ஆனால் எல்லா இன்ஜினும் வெறும் எஃகு அல்ல. வைரம் போன்ற கரிப்பூச்சு போட்ட டாப்பெட், பிஸ்டன் பின், ரிங் எல்லாம் இப்போது வருகின்றன. டிஎல்சி என்று அழைக்கப்படும் அந்தப் பூச்சில் ஹைட்ரஜன் கலந்த வகை, எஃகோடு உரசும்போது, மோ-டிடிசி உள்ள ஆயிலில் வேகமாகத் தேய்ந்துபோகிறது. பல ஆய்வகங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த விளைவு இது. ஜிங்க்-டிடிபி இருந்தால் சேதம் குறைகிறது. மறுபக்கம், நிசான் தன் டாப்பெட்டுகளுக்கு ஹைட்ரஜன் இல்லாத டிஎல்சியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு இணையாகக் கொழுப்பு வழி எஸ்டர் உள்ள ஆயிலைப் பொருத்தி, மிகக் குறைந்த உராய்வை எட்டியது. உலோகமும் பூச்சும் எண்ணெயும் ஒன்றாகத் தீர்மானிக்கப்படுகிறவை. ஏதோ ஒரு டப்பாவைத் தனியாக உள்ளே ஊற்றுபவர் இந்த மூன்றில் ஒன்றை மட்டும், மற்ற இரண்டையும் கேட்காமல், மாற்றுகிறார்.

ஹைபிரிட் கார்களிலும் கொழுப்பு வழிப் பொருளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இன்ஜின் அடிக்கடி நின்று நின்று ஓடுவதால் ஆயில் நன்றாகச் சூடேறும் நேரம் குறைவு. மோ-டிடிசி உறங்கும் நேரம் கூடுகிறது.

பைக், ஸ்கூட்டர், டிராக்டர்

தமிழ்நாட்டுச் சாலையில் ஓடுவதில் பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கியர் பைக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டுகள் அந்த ஆயிலிலேயே மூழ்கி இருக்கின்றன. அவை உராய்வை நம்பித்தான் இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துகின்றன. உராய்வைப் பாதியாக்கும் பொருளை அங்கே ஊற்றினால், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது இன்ஜின் கத்தும், வண்டி ஏறாது. பிளேட் வழுக்கி வழுக்கிச் சூடாகி எரிந்தும் போகும்.

இதற்காகவே ஜப்பானியர் ஜாசோ டி903 என்ற தரத்தை வைத்தார்கள். இயங்கும்போது உராய்வு, நிற்கும்போது உராய்வு, நிற்க எடுக்கும் நேரம் என்ற மூன்றையும் கிளட்ச் சோதனைப் பொறியில் அளந்து எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2, எம்பி என்று பிரிக்கிறார்கள். கியர் பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. எம்பி என்பது உராய்வு குறைந்த ஆயில். கிளட்ச் வெளியே காய்ந்த நிலையில் இருக்கும், பெல்ட்டால் ஓடும் ஸ்கூட்டர்களுக்கு உரியது. ஸ்கூட்டரில் எம்பி கொடுக்கும் சிறு மிச்சத்தைத் தாராளமாக அனுபவிக்கலாம். அதே பாட்டிலை வீட்டிலிருக்கும் பைக்கில் ஊற்றக் கூடாது, காருக்கு வாங்கிய 0டபிள்யூ-20 மீதத்தையும் ஊற்றக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எம்ஏ2 ஆயில் ஒன்றின் ஆய்வறிக்கையில் சிறிது மாலிப்டினம் இருந்தால் பதறத் தேவையில்லை. ஆக்சிஜனேற்றத் தடுப்புக்காகச் சேர்த்த சிறு அளவு கிளட்சை வழுக்கவைப்பதில்லை. முழு ஆயிலும் கிளட்ச் சோதனையில் தேறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். முத்திரையை நம்புங்கள், பிபிஎம் எண்ணை அல்ல.

டிராக்டரில் ஆபத்து இன்னும் பெரிது. எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள மாடல்களில் பலவற்றில் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், பிரேக் எல்லாவற்றுக்கும் பின்பக்கத்து ஒரே ஆயில்தான். கியர் சத்தம் குறையட்டும் என்று அதில் மாலிப்டினத்தைச் சேர்த்தால் பிரேக்கின் பிடி குறையும். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் வரும்போது அதன் விலை உயிராக இருக்கலாம். காரின் மேனுவல் கியர்பாக்ஸிலும் இதே கதைதான், சற்றுச் சிறிய அளவில்: சின்க்ரோ வளையம் உரசிப் பிடித்தால்தான் கியர் இசைவாக விழும்.

டப்பாவை ஏன் தயாரான ஆயிலில் ஊற்ற வேண்டாம் என்கிறேன்

கார்க்காரர்கள் கேட்கும் கேள்வி: “மோ-டிடிசி இவ்வளவு நல்லதென்றால், இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நல்லதல்லவா?” உலோகப் பரப்பில் இடம் கொஞ்சம்தான். அந்த இடத்துக்காக மோ-டிடிசி, ஜிங்க்-டிடிபி, கொழுப்பு வழிப் பொருள், கழுவும் கால்சியம் உப்புகள், அழுக்குப் பிரிப்பான்கள் எல்லாம் போட்டி போடுகின்றன. ஆயில் தயாரிப்பவர் இன்ஜின் சோதனையில் வைத்து அந்த விகிதத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். ஒன்றைக் கூட்டினால் மற்றது ஒதுங்குகிறது.

படிவும் ஒரு சிக்கல். டர்போவின் சூட்டில் ஆயில் கருகிப் படிவதை அளக்கும் டியோஸ்ட் 33சி என்ற சோதனையில், மாலிப்டினம் மிகுந்த ஆயில்கள் சிரமப்பட்டன. 2010-இல் வந்த, பெட்ரோல் கார் ஆயிலுக்கான இல்சாக் ஜிஎஃப்-5 தரம் 0டபிள்யூ-20 ஆயில்களுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கே அளித்தது. டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர் கூடுதல் மாலிப்டினம் ஊற்றும் முன் இதை நினைக்க வேண்டும். டீசலில் எனக்கு இன்னும் ஆர்வம் குறைவு. பெரிய டீசல் இன்ஜின் கெட்டியான ஆயிலில், பெரும்பாலும் முழுப் படலத்தில் ஓடுகிறது. அங்கே தேய்மானத்துக்கு முக்கியக் காரணம் கரி. அதைச் சமாளிப்பது நல்ல பிரிப்பானும் நேரத்துக்கு ஆயில் மாற்றுவதும்.

நேரத்துக்கு மாற்றுவது மாலிப்டின ஆயிலில் இன்னும் முக்கியம். மோ-டிடிசி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள்; ஆக்சிஜனேற்றத்தில் சிதைந்துகொண்டே வரும். இங்கே பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. பழைய ஆயிலை ஆய்வுக்கு அனுப்பினால் அறிக்கையில் மாலிப்டினம் ஏறக்குறைய புதிய ஆயிலில் இருந்த அளவே காட்டும். அந்தச் சோதனை அணுக்களை எண்ணுகிறது. மூலக்கூறு உடைந்து பயனற்றுப் போயிருந்தாலும் மாலிப்டின அணு எண்ணெயிலேதான் மிதக்கும். ஆகவே “700 பிபிஎம் அப்படியே இருக்கிறது, இன்னும் ஓட்டலாம்” என்பது தவறான முடிவு.

சொந்தமாக ஆயில் கலப்பவர்களுக்கு

முதலில் அளவு. திரவ மோ-டிடிசிகளில் மாலிப்டினம் ஏறக்குறைய 4.5% முதல் 10% வரை வேறுபடும். 10% வகையில் 0.7% சேர்த்தால் எண்ணெயில் 700 பிபிஎம். மூன்றரை லிட்டர் பிடிக்கும் ஒரு காருக்கு இது இருபத்தொரு கிராம்தான். அவ்வளவு சிறிய அளவில் பெரிய மாற்றம் என்பதால் எடைபோடுவதில் கவனம் வேண்டும். விலையை ஒப்பிடும்போது கிலோவுக்கு என்ன விலை என்று பார்க்காதீர்கள். மாலிப்டினச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். இந்தப் பொருள்களின் விலை உலகச் சந்தையில் மாலிப்டினத்தின் விலையோடு ஏறி இறங்கும். தருமபுரிப் பக்கம் அரூர்–ஊத்தங்கரை வட்டாரத்துப் பாறைகளில் மாலிப்டினக் கனிமம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பல காலமாக ஆராய்ந்துவந்தாலும், நமக்கு வேண்டியது இறக்குமதியாகத்தான் வருகிறது.

அடுத்தது கரைதிறன். மணலியில் கிடைக்கும் குரூப் 1 பேஸ் ஆயிலில் (சேர்க்கை எதுவும் கலக்காத அடிப்படை எண்ணெய்) சுகமாகக் கரைவது, மிகச் சுத்தமான குரூப் 3-இல் கரையாமல் கலங்கலாம். வால்கள் நீளமும் குட்டையுமாகக் கலந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். கலவையைச் சில வாரம் குளிரிலும் வெயிலிலும் வைத்துப் பார்க்காமல் பாட்டிலில் அடைக்காதீர்கள்.

பிறகு சோதனை. நம்மூரில் எளிதாகக் கிடைப்பது நான்கு உருண்டைச் சோதனை. 40 கிலோ பாரம், நிமிடத்துக்கு 1200 சுற்று, 75 டிகிரி, ஒரு மணி நேரம் என்பது தேய்மானத்துக்கான வழக்கமான முறை. உருண்டையில் விழும் தழும்பைத்தான் அது அளக்கிறது. 75 டிகிரி என்பது மோ-டிடிசி விழிக்கும் வாசலில் நிற்கும் சூடு. இந்த ஒரு சோதனையை வைத்து “மாலிப்டினத்தால் பயனில்லை” என்று கைவிட்டாலும் தவறு, “தழும்பு சிறிதானது, மைலேஜ் கூடும்” என்று விளம்பரம் செய்தாலும் தவறு. உராய்வை அளக்க முன்னும் பின்னும் உரசவைத்து உராய்வை அளக்கும் எஸ்ஆர்வி போன்ற பொறியில், 100 டிகிரிக்கு மேல், புதிய ஆயிலையும் வேண்டுமென்றே ஆக்சிஜனேற்றிப் பழையதாக்கிய ஆயிலையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பழையதில் நிற்காத உராய்வுக் குறைப்புக்கு வாடிக்கையாளரிடம் காசு வாங்குவது நியாயம் அல்ல. தாமிரத் தகட்டுச் சோதனையும் கட்டாயம். கந்தகம் உள்ள பொருள் வெண்கல புஷ்ஷைக் கறுக்கவைத்தால் வந்த மிச்சமெல்லாம் அங்கே போய்விடும்.

சந்தையில் மேசைமேல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பியால் பாரம் ஏற்றி, “எங்கள் சொட்டு விட்டதும் பாருங்கள், சத்தமே இல்லை” என்று காட்டும் வித்தையை ஆதாரமாக ஏற்காதீர்கள். குளோரின் சேர்ந்த மலிவான பாரஃபின் அந்த மேசையில் எல்லா நல்ல ஆயிலையும் தோற்கடிக்கும். இன்ஜினின் சூட்டிலும் ஈரத்திலும் அதே பொருள் அமிலமாகி பேரிங்கைத் தின்னும்.